உம்மம்மாவின் வட்டலப்பம் குச்சியில் ஏற வேண்டுமென்றால்

வாசகி கேள்வி: எங்கள் உம்மம்மா செய்யும் கருப்பட்டி வட்டலப்பத்துக்குக் கீழக்கரையில் தனிப் பேர் உண்டு. அந்த ருசியைக் குச்சி ஐஸாக்கி விற்கலாம் என்று நானும் என் லாத்தாவும் (அக்கா) இறங்கியிருக்கிறோம். 1 லிட்டர் பசும்பால், அரை லிட்டர் தேங்காய்ப்பால், 150 கிராம் கருப்பட்டி, 2 முட்டை, ஏலம், சாதிக்காய் என்ற கணக்கில் காய்ச்சி, வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அச்சில் ஊற்றி வைத்தோம். ஐந்து முறை செய்ததில் இரண்டு முறை பால் திரிந்துவிட்டது. மற்ற மூன்றும் கல்லாக இறுகி, கடித்தால் நறநறவென்று ஐஸ்கட்டியாக இருக்கின்றன. மேலே எண்ணெய் படலம் வேறு. இறுக்கத்துக்குக் கடல்பாசி சேர்க்கலாமா? கையில் 3 லட்சம் இருக்கிறது. இயந்திரம் விற்பவர் முழுப் பணத்துக்கும் மெஷின் வாங்கச் சொல்கிறார். 'கருப்பட்டிக் குல்ஃபி' என்று பெயர் வைக்க நினைக்கிறோம். லைசென்ஸ், கரண்ட், கணக்கு எல்லாவற்றுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. ஆவியில் அவித்துச் சாப்பிடும் பண்டத்தின் கணக்கைக் குளிரில் உறைய வைத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். நீங்கள் எழுதிய அளவைக் கூட்டிப் பார்த்தால் மொத்தம் 1,750 கிராம் கலவை. அதில் நீர் போக மிஞ்சும் திடப்பொருள் (கொழுப்பு, சர்க்கரை, பால் புரதம் எல்லாம் சேர்த்து) 385 கிராம் அளவுதான், 22 சதவீதம். மீதி 78 சதவீதம் தண்ணீர். அவ்வளவு தண்ணீரை உறைய வைத்தால் ஐஸ்கட்டிதான் கிடைக்கும். வாயில் வழவழவென்று கரைய வேண்டுமானால் திடப்பொருள் 36 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இனிப்பும் உங்கள் கலவையில் 8 சதவீதம்தான். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும், ஆகவே 14 முதல் 16 சதவீதம் வரை வேண்டும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு: நீர் முழுவதும் உறைந்துவிடாமல் கொஞ்சத்தைத் திரவமாகவே பிடித்து வைப்பது. கடிக்கும் பதம் அதிலிருந்துதான் வருகிறது.

பால் ஏன் சில நாள் திரிந்தது, சில நாள் திரியவில்லை? கருப்பட்டி ஒரே மாதிரி இருப்பதில்லை. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறார்கள். காய்ச்சிய பிறகும் அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கருப்பட்டியில் இருக்கும். ஈரம் பட்டுக் கசிந்த கருப்பட்டியோ உள்ளுக்குள் லேசாகப் புளித்திருக்கும். சூடான பாலுக்கு இரண்டும் ஆகாது. ஆறிய பால் தாங்கும் புளிப்பைக் கொதிக்கும் பால் தாங்காது. எனவே கருப்பட்டியைப் பாலோடு சேர்த்து ஒருபோதும் காய்ச்சாதீர்கள். தனியே பாகாக்கி, வடிகட்டி, இரண்டும் வெதுவெதுப்புக்கு வந்த பின்பே கலக்க வேண்டும். புது மூட்டை கருப்பட்டி பிரிக்கும்போதெல்லாம் ஒரு கரண்டிச் சோதனை செய்துவிடுங்கள். நன்கு சூடான பால் 50 மில்லி, அதில் பாகு 8 மில்லி, ஒரு நிமிடம் பொறுங்கள். திப்பி திப்பியாகப் பிரிந்தால் அந்தக் கருப்பட்டியின் பாகில் கிலோவுக்கு அரை கிராம் சமையல் சோடா கரைத்து மறுபடி சோதியுங்கள். 1 கிராமுக்கு மேல் போகக் கூடாது, சவர்க்கார வாடை வந்துவிடும். அப்போதும் திரிந்தால் அந்த மூட்டை இந்தத் தொழிலுக்கு ஆகாது. வீட்டுச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் படலம் தேங்காய்ப்பாலின் குணம். கெட்டியான முதல் பாலில் கால் பங்குக்கு நெருக்கமாகக் கொழுப்பு இருக்கிறது. தளதளவென்று கொதித்தால் அது பிரிந்து மேலே வரும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைவதால், பிரிந்தது அப்படியே மெழுகுபோல மேலே படிந்துவிடும், வாயிலும் ஒட்டும். 72 டிகிரியைத் தாண்டவிடாமல் சூடாக்குவதும், அந்தச் சூட்டிலேயே மிக்ஸியில் வேகமாக அடித்துக் கொழுப்பைப் பொடிப் பொடித் துளிகளாக உடைப்பதும், உடைந்த துளிகள் மறுபடி சேராமல் தடுக்க ஒரு பொருள் சேர்ப்பதும்தான் வழி. வட்டலப்பத்தில் இந்தக் கடைசி வேலையை முட்டையின் மஞ்சள் கரு செய்கிறது.

முட்டையைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அன்றாட விற்பனைக்கான சரக்கில் முட்டை வேண்டாம். முட்டை சேர்ந்தால் உறையில் பச்சை வட்டம் போட முடியாது, பழுப்பு முக்கோணம்தான் போட வேண்டும். ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாட வருகிற கூட்டம் அதைக் கண்டதும் கீழே வைத்துவிடும். முட்டைக் கலவையைக் கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கவும் வேண்டும், 82 டிகிரியைத் தாண்டித் திப்பியாகாமலும் பார்க்க வேண்டும், தினமும் 20 கிலோ செய்பவர்களுக்கு அது கத்தி மேல் நடப்பது. வட்டலப்பத்தின் வாசம் கருப்பட்டியிலும் தேங்காயிலும் ஏலத்திலும் சாதிக்காயிலும் இருக்கிறது. முட்டை தருவது உடம்பைத்தான். அந்த உடம்பைப் பால் பவுடரும் ஜி.எம்.எஸ். பவுடரும் (கிளிசரால் மோனோஸ்டியரேட், கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்து வைக்கும் பொருள்) தந்துவிடும். உம்மம்மாவின் முட்டைப் பக்குவத்தை நோன்புக்கால ஆர்டருக்கும் கல்யாண ஆர்டருக்கும் தனிப் பாத்திரம், தனி அச்சு, தனி உறை வைத்துச் செய்யுங்கள். அதை விட்டுவிடச் சொல்ல எனக்கும் மனமில்லை.

இனி 10 கிலோ கலவைக்கு அளவு. எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், டம்ளர் கணக்கு கூடாது.

கொழுப்பு 6 சதவீதம் உள்ள பால் 4.2 கிலோ
கெட்டித் தேங்காய்ப்பால் (முதல் பால் மட்டும்) 3.3 கிலோ
கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 650 கிராம்
கருப்பட்டி 1.4 கிலோ, பாகாக்கி 1.65 கிலோவாக
டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் சர்க்கரை) பவுடர் 200 கிராம்
ஜி.எம்.எஸ். பவுடர் 20 கிராம்
குவார் கம் (கொத்தவரை விதைப் பிசின்) 15 கிராம்
கராஜீனன் (கடல்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பிசின்) 2 கிராம்
ஏலக்காய்ப் பொடி 12 கிராம், சாதிக்காய்ப் பொடி 3 கிராம்

இதில் கொழுப்பு 10 சதவீதத்துக்குச் சற்று மேல், பால் புரதம் 3.6 சதவீதம், மொத்தத் திடப்பொருள் 37 சதவீதம் வரும். இந்த மூன்று எண்களும் சட்டத்துக்கும் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். தேங்காய்ப்பால்தான் இங்கே நிலையில்லாத பொருள். நன்கு முற்றிய காய் 14 உடைத்தால் துருவல் ஏறக்குறைய 3.5 கிலோ. அதற்கு 1.75 லிட்டர் வெந்நீருக்கு மேல் விடாமல் அரைத்துப் பிழிந்தால் 3.3 கிலோ பால் கிடைக்கும், கொழுப்பு 24 சதவீதத்தை ஒட்டி நிற்கும். இளங்காய் கலந்தால் பால் வெள்ளையாக நிறைய வரும், கொழுப்பு இருக்காது, மறுபடியும் ஐஸ்கட்டிதான். உச்சிப்புளிப் பக்கத்துத் தோப்புகளில் காய் எடுத்தால் மட்டை உரித்து ஒரு மாதம் கிடந்த காயாகக் கேளுங்கள். ஒரு தடவை உங்கள் பாலை ஆய்வகத்தில் கொடுத்துக் கொழுப்பின் அளவைப் பார்த்துவிட்டால் பிறகு அதே துருவல், அதே வெந்நீர் அளவை விடாமல் பிடித்துக்கொண்டால் போதும். பிழிந்த தேங்காய்ப்பால் நம் ஊர் வெக்கையில் 2 மணி நேரம் கூடத் தாங்காது. பிழிந்ததும் அடுப்புக்குப் போக வேண்டும்.

செய்முறை. முதலில் பாகு. கருப்பட்டியை உடைத்து அரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அடியில் மணலும் சுண்ணாம்புத் தூளும் தங்கும். மறுபடி அடுப்பேற்றி 10 நிமிடம் கொதிக்க விட்டு 1.65 கிலோவுக்குச் சுண்டவிடுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் ஏலப்பொடியும் சாதிக்காய்ப் பொடியும் கொதியிலேயே சேர வேண்டும். பொடிகளை ஆறிய கலவையில் தூவுவது பெரிய தவறு, அவற்றில் இருக்கும் கிருமி அப்படியே உள்ளே போய்விடும்.

அடுத்து பால். குவார் கம், கராஜீனன் இரண்டையும் டெக்ஸ்ட்ரோஸோடு உலர்வாகக் கலந்துகொள்ளுங்கள். தனியாகப் போட்டால் மீன்முட்டை மாதிரி உருண்டு கொண்டு கரையவே கரையாது. பாலில் பால் பவுடரைக் கட்டியில்லாமல் கரைத்து, இந்தக் கலப்பைத் தூவிக் கிளறி, ஜி.எம்.எஸ். சேர்த்து, 50 டிகிரி வந்ததும் தேங்காய்ப்பாலை ஊற்றுங்கள். நேரடித் தீ வேண்டாம். பெரிய அண்டாவில் கொதிநீர் வைத்து அதற்குள் பாத்திரத்தை இறக்கிச் சூடாக்குங்கள். 70 டிகிரியைத் தொட்டதும் கடிகாரம் பார்த்து 30 நிமிடம் அதே சூட்டில் நிறுத்த வேண்டும். கண்மதிப்பு உதவாது, குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்தத் தொழிலில் முதல் கருவி அதுதான். சூடு 65 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் மிக்ஸியில் பகுதி பகுதியாக 3 நிமிடம் உயர் வேகத்தில் அடியுங்கள். பிறகு பாத்திரத்தைக் குளிர்நீர்த் தொட்டியில் இறக்கிக் கிளறி, 40 டிகிரி வந்ததும் வெதுவெதுப்பான பாகைக் கலந்து, ஐஸ் தொட்டிக்கு மாற்றி ஒரு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் குளிரிலேயே இரவு முழுக்க, குறைந்தது 6 மணி நேரம், மூடி வைத்துவிடுங்கள். கொழுப்புத் துளி இறுகுவதும், பிசின் நீரைக் குடித்துத் தடிப்பதும் இந்த நேரத்தில்தான். அவசரப்பட்டு அன்றே அச்சில் ஊற்றிய கலவை உறைந்த பின் தண்ணீராகவே உருகும்.

கடல்பாசி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசி நம் வீடுகளில் பழகிய பண்டம் என்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் குச்சி ஐஸுக்கு அது வேண்டாம். அது மரிக்கொழுந்துப் பாசி போன்றவற்றிலிருந்து எடுக்கும் அகர், கூழாக இறுகும். உறைந்து இளகினால் தன்னிடமுள்ள நீரைக் கக்கிவிடும். அகர் தயாரிப்பவர்களே நீரைப் பிரித்தெடுக்க அதை உறைய வைத்து உருக்குகிறார்கள் என்றால் பாருங்கள். உங்கள் குச்சியில் அது பொடிப் பொடியாக உதிர்ந்து, நடுவில் ஐஸ் நரம்பு ஓடும். மேலே சொன்ன கராஜீனன் வேறு சாதி. மண்டபம், பாம்பன் கரையோரம் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்துதான் அது எடுக்கப்படுகிறது. குவார் கம் மட்டும் போட்டால் பால் புரதம் ஒரு பக்கமும் நீர் ஒரு பக்கமும் பிரியப் பார்க்கும். 10 கிலோவுக்கு 2 கிராம் கராஜீனன் அதைத் தடுத்துவிடும். 5 கிராம் போட்டால் கலவை களியாகிவிடும். ஆகையால் இதற்கு மட்டும் அரை கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வைத்துக்கொள்ளுங்கள்.

நறநறப்புக்கு இன்னொரு காரணம் உங்கள் ஃப்ரிட்ஜ். அதில் உறைய 6, 7 மணி நேரம் ஆகிறது. மெதுவாக உறைந்தால் ஐஸ் படிகம் பெரிதாக வளரும். 0.05 மில்லிமீட்டரைத் தாண்டிய படிகத்தை நாக்கு மணல்போல உணரும். ஒரு மணி நேரத்துக்குள் உறைந்தால் அவ்வளவு வளராது. இதற்கு 3 லட்ச ரூபாய் மெஷின் தேவையில்லை. காற்றடித்துப் பொங்க வைக்கும் ஐஸ்கிரீமுக்குத்தான் கடையும் மெஷின் வேண்டும். அச்சில் காற்றில்லாமல் உறையும் குச்சிக்கு உப்பும் ஐஸும் போதும், குறைந்தது முதல் ஆறு மாதத்துக்கு.

நம் கரையில் மீனுக்கு ஐஸ் அடிக்கும் ஆலைக்குப் பஞ்சமில்லை, கல்லுப்புக்கு வாலிநோக்கம் இருக்கிறது. பார் ஐஸை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, எடையில் மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு கல்லுப்பு போட்டுக் கிளறினால் 18 டிகிரி மைனஸ் வரை இறங்கும். உப்புக் கலவையின் அடி எல்லை 21 டிகிரி மைனஸ், அதற்குக் கீழே எவ்வளவு உப்புக் கொட்டினாலும் இறங்காது, காசுக்குக் கேடு. மரத் தொட்டி அல்லது தெர்மோகோல் வைத்த தொட்டியில் இதை நிரப்பி அச்சைக் கழுத்துவரை இறக்குங்கள். 60 மில்லி அலுமினியக் கூம்பு அச்சு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உறையும். அச்சின் வாயில் அரை சென்டிமீட்டர் இடம் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது கலவை பெருகி மேலே எழும்பும். 20 நிமிடம் கழித்துக் குச்சியைச் செருகினால் சாயாமல் நிற்கும்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் இளக்காரம் கூடாது. மீன் ஐஸ் குடிநீரில் செய்ததென்று நம்ப முடியாது, மீன்பெட்டி பட்ட கையோடும் சாக்கோடும் வரும். அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அச்சுக்குள் போகக் கூடாது. ஐஸ் உடைக்கும் இடம் வேறு, கலவை ஊற்றும் இடம் வேறு, ஆளும் வேறாக இருப்பது நல்லது. அச்சுக்கு இறுக்கமான ரப்பர் மூடி போடுங்கள், தூக்கியதும் நல்ல தண்ணீரில் வெளிப்பக்கத்தைக் கழுவிய பிறகே மூடியைத் திறங்கள். உப்புச் சுவை ஒரு குச்சியில் தட்டினாலும் அந்தத் தொட்டிச் சரக்கு முழுவதையும் கொட்டிவிட வேண்டும். உப்பு போன வழியில் கிருமியும் போயிருக்கும்.

அச்சிலிருந்து எடுத்த குச்சி வெளியே இறுகியிருக்கும், நடுவில் இன்னும் மென்மைதான். உடனே உறையிட்டு டீப் ஃப்ரீசரில் 12 மணி நேரம் கிடத்திய பிறகே விற்பனைக்கு எடுங்கள். டீப் ஃப்ரீசர் உறைந்ததைக் காக்கும் பெட்டி. பச்சைக் கலவையை அதில் வைத்தால் ஏற்கனவே இருக்கும் சரக்கையும் இளக்கிவிடும்.

கருப்பட்டியை மொத்தமாகச் சீசனில் வாங்குவதா, அவ்வப்போது கடையில் வாங்குவதா என்றால், சீசனில் வாங்குங்கள். சாயல்குடி, கடலாடி வட்டாரத்தில் கோடையில் பனையேறிக் காய்ச்சுபவர்களிடமே நேரில் போய், ஒரே காய்ச்சலிடத்துச் சரக்காக எடுங்கள். கடைக் கருப்பட்டியில் வெல்லமும் சீனியும் கலந்துவிடுவதுண்டு. உங்கள் பண்டத்தின் முழுப் பேரும் அந்த ஒரு பொருளில் நிற்கிறது. நாளுக்கு 20 கிலோ கலவை என்றால் மாதம் 25 நாளுக்கு 70 கிலோ கருப்பட்டி ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் கடல்காற்றின் ஈரத்தில் கருப்பட்டி வியர்க்கும், பிறகு புளிக்கும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேல் பரணில், புகை படும் இடத்தில் ஓலைப்பெட்டியில் வைத்தது இதற்காகத்தான். நீங்கள் வெயிலில் அரைநாள் காயவைத்து, ஆறியபின் காற்றுப் புகாத டிரம்மில் அடைத்து, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள்.

கணக்குக்கு வருவோம். கீழே உள்ளவை உதாரண விலைகள், உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திரும்பக் கணக்கிடுங்கள். கருப்பட்டி கிலோ 350 என்றால் 490 ரூபாய், பால் 252, தேங்காய் ஒன்று 28 வீதம் 392, பால் பவுடர் 260, மற்றவை 86, ஆக 10 கிலோவுக்கு 1,480. ஒரு குச்சி 66 கிராம், சிந்தியது சிதறியது போக 145 குச்சி. சரக்குச் செலவு மட்டும் குச்சிக்கு 10 ரூபாய் 20 காசு. குச்சி, உறை 1.50, ஐஸ், உப்பு, கேஸ், கரண்ட் 2 ரூபாய். நீங்கள் இருவரும் நாளுக்கு ஆளுக்கு 500 கூலி எழுதிக்கொண்டால் (எழுதத்தான் வேண்டும், வீட்டுப் பெண்கள் உழைப்பைக் கணக்கில் விடுவதால்தான் பாதித் தொழில்கள் லாபம்போலத் தெரிந்து நொடிக்கின்றன) 20 கிலோ நாளில் குச்சிக்கு 3.40. உடைந்தது, உருகியது 90 காசு. மொத்தம் 18 ரூபாய். 10 ரூபாய்க் குல்ஃபியோடு நீங்கள் மோத முடியாது, மோதவும் வேண்டாம். 30 ரூபாய் விலை வைத்துக் கடைக்காரருக்குக் கால் பங்கு கொடுத்தால் குச்சிக்கு 4.50 நிற்கும். நேரே நீங்களே விற்றால் 12 ரூபாய். ஆகவே முதல் ஆண்டில் இருபது கடைக்குச் சரக்குப் போடும் ஆசையைத் தள்ளி வையுங்கள். சொந்த இடத்தில் ஒரு ஃப்ரீசர், கல்யாண ஆர்டர், நோன்பு இரவுகள், அமாவாசைக் கூட்டத்துக்கு ராமேசுவரத்தில் ஒரு தள்ளுவண்டி, இவ்வளவு போதும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழையில் விற்பனை படுக்கும். அந்த மூன்று மாதத்துக்கான செலவைக் கோடையிலேயே எடுத்து வைக்க வேண்டும். இதற்காகவே உங்கள் 3 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாமல் வையுங்கள்.

பெயரில் ஒரு திருத்தம். இந்தியாவில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தரவரையறையில் ஐஸ்கிரீமும் குல்ஃபியும் ஒரே இனம், இரண்டிலும் கொழுப்பு பால் கொழுப்பாகவே இருக்க வேண்டும். தேங்காய்க் கொழுப்பு சேர்ந்ததும் அது 'ஃப்ரோசன் டெசர்ட்'. குல்ஃபி அச்சில் ஊற்றினாலும் குல்ஃபி என்று எழுதக் கூடாது. 'கருப்பட்டித் தேங்காய்ப்பால் குச்சி' என்று பெரிதாகப் போட்டு, கீழே ஃப்ரோசன் டெசர்ட் என்றும், பால் கொழுப்பு எத்தனை சதவீதம், தாவரக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்றும் அச்சிடுங்கள். இதற்கான தரம்: மொத்தக் கொழுப்பு 10, புரதம் 3.5, திடப்பொருள் 36 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நான் கொடுத்த அளவு இதற்குள் வருகிறது. உறையில் சேர்பொருள்கள் எடை அதிகமானது முதல் இறங்கு வரிசையில், பால் சேர்ந்தது என்ற ஒவ்வாமைக் குறிப்பு, தயாரித்த நாள், கடைசி நாள், தொகுதி எண், விலை, 18 டிகிரி மைனஸில் வைக்கவும் என்ற வரி, 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். உங்கள் ஆண்டு விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு போதுமா, உரிமம் வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். குடிநீர் ஆய்வுச் சான்றும், சரக்குக்கு ஒரு ஆய்வக அறிக்கையும் எடுத்து வையுங்கள். உத்யம் பதிவு (சிறுதொழிலுக்கான மத்திய அரசுப் பதிவு), கடன், மானியம் பற்றி ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள்.

ஜி.எஸ்.டி.யில் பலரும் தவறுவது இது: சரக்கு விற்பவர்களுக்குப் பொதுவாக உள்ள 40 லட்ச வரம்பு ஐஸ்கிரீம் இனத்துக்குக் கிடையாது, ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டினால் பதிய வேண்டும். காம்போசிஷன் எனப்படும் எளிய வரித் திட்டத்திலும் இதைத் தயாரிப்பவர்கள் சேர முடியாது. வரி விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஃப்ரீசர் 300 லிட்டர் ஒன்று முதலில் போதும், சுமார் 1,500 குச்சி கொள்ளும். வீட்டு மின் இணைப்பில் ஓட்டாமல் தொழிலுக்கான இணைப்பு வாங்கிவிடுங்கள், வோல்டேஜ் ஸ்டெபிலைசரும் வேண்டும். கடலைப் பார்த்த சுவரில் ஃப்ரீசரை வைக்காதீர்கள். உப்புக்காற்று கன்டென்சரின் (உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளும் பகுதி) மெல்லிய தகடுகளை அரித்துக் கேஸ் கசிய வைக்கும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மெயினை அணைத்துக் கன்டென்சரை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிட்டு ஓட்டுங்கள்.

மாதப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் முன்கூட்டியே தெரியும். முதல் நாள் இரவே ஃப்ரீசரைக் கடைசிக் குளிருக்குத் திருப்பி, பெட்டியை நிரப்பி, மறுநாள் மூடியைத் திறக்காமல் போர்வை போட்டு மூடிவிடுங்கள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து நிரப்புவார்கள், அதில் பெரிய பயனில்லை. வெறும் ஐஸ் உருகுவது 0 டிகிரியில், உங்கள் குச்சியோ 10 டிகிரி மைனஸிலேயே இளகத் தொடங்கிவிடும். 21 டிகிரி மைனஸில் உருகும் யூடெக்டிக் பிளேட் (உப்புக் கரைசல் அடைத்த குளிர்த்தட்டு) நான்கு வாங்கிப் பக்கவாட்டில் நிறுத்துங்கள். அன்று மூடியைத் திறந்தே ஆக வேண்டிய ஆர்டர் இருந்தால் அதை முதல் நாளே தனிப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். ராமேசுவரத்துக்கு எடுத்துப் போகும்போதும் இதேதான், மீன்பெட்டி மாதிரித் தடித்த தெர்மோகோல் பெட்டி (மீன் வைத்த பெட்டி அல்ல), அதில் பிளேட், மேலே குச்சி.

கரண்ட் போய் வந்த சரக்கைக் கண்டுபிடிக்க உறையின் உட்பக்கம் பாருங்கள். வெள்ளைப் பனிப்பூ படிந்திருந்தால் அது ஒருமுறை இளகி மறுபடி இறுகிய சரக்கு. கூம்பு சரிந்து முனை மழுங்கியிருந்தால் முழுக்கவே உருகியிருக்கிறது. அதை மீண்டும் உறைய வைத்து விற்காதீர்கள், புதுக் கலவையிலும் கலக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு குச்சியை விற்காமல் ஃப்ரீசரின் அடியில் ஒதுக்கி, 15, 30, 45, 60 நாளில் ஒவ்வொன்றாக எடுத்துக் கடித்துப் பாருங்கள். எந்த நாளில் நறநறப்பு முதலில் தட்டுகிறதோ, அதற்கு 15 நாள் முந்திய தேதியை உறையில் கடைசி நாளாகப் போடுங்கள்.